பசுமை குன்றிய கிரகம்

ஒரு நாட்டை ஆள்வோர் எத்தகையவர் என்று அறிய விரும்புகிறவன் அதன் அரண்மனையைப் பார்த்து முடிவு கட்டுதல் கூடாது. அரண்மனைக்குப் பின்புறத்துத் தெருவையும், அத்தெருவில் தேங்கிய நீரையும், அந்நீரை மிதித்து நடக்கும் மக்களின் முகத்தையும் அவன் பார்க்க வேண்டும். இது வரலாறு எழுதுவோர் அறிந்த உண்மை; கதை எழுதுவோரும் அறிந்ததே. விண்வெளியைக் களமாகக் கொண்ட ஒரு பெருங்கதையில் இவ்வுண்மை ஒரு கிரகத்தின் வடிவில் அமைந்திருக்கிறது. அக்கிரகம் கற்பனை. ஆயினும் அது பாழான விதம் கற்பனையன்று. அதனையும், அக்கதையை எழுதியவர் பிறந்த ஊரில் நிகழ்ந்த மெய்ந்நிகழ்ச்சி ஒன்றையும் இணைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹெர்பர்ட் எழுதிய 'டியூன்' என்னும் நாவல் 1963-ஆம் ஆண்டு முதல் 'அனலாக்' என்ற விஞ்ஞானக் கதை இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1965-இல் நூல் வடிவம் பெற்றது. 'டியூன்' என்பதற்கு மணற்குன்று என்பது பொருள். ஹெர்பர்ட் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். 1957-ஆம் ஆண்டில் ஆரெகன் மாநிலத்துக் கடற்கரைக்குச் சென்ற அவர், சாலைகளையும் வீடுகளையும் மூடிக்கொண்டு நகர்ந்துவந்த மணற்குன்றுகளைப் புல் நட்டு நிறுத்த அரசாங்க வல்லுநர் முயன்றதைக் கண்டார். அங்கே தோன்றிய எண்ணமே வளர்ந்து, மழையறியாத அர்ராக்கிஸ் என்னும் பாலைக் கிரகத்தின் கதையாயிற்று. மண்ணும் நீரும் செடியும் உயிரும் மனிதனும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை நாவலின் முதுகெலும்பாக வைத்து எழுதியவர்களில் ஹெர்பர்ட் குறிப்பிடத்தக்கவர்.

அக்கதையில் மூன்று கிரகங்கள் முதன்மையானவை. ஒன்று நீர்வளம் மிகுந்த காலடான். மற்றொன்று மணலே நிறைந்த அர்ராக்கிஸ். மூன்றாவது, கதையின் கொடியோரான ஹார்க்கோனன் குலத்தாரின் தாயகமாகிய கீடி பிரைம். அதுவே இன்று நமக்கு உரிய பொருள். அர்ராக்கிஸ் கிரகத்தை எண்பது ஆண்டு ஆண்டு, அதன் செல்வத்தைக் கறந்து, அங்குள்ள மக்களை வாட்டியவர்கள் இக்குலத்தார். பிறர் நாட்டை இவ்வாறு நடத்தியவர்கள் தம் சொந்த நாட்டை எவ்வாறு வைத்திருந்தார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு ஹெர்பர்ட் நீண்ட விடை கூறவில்லை. நூலின் இறுதியிலுள்ள சொற்பொருள் அகராதியில், அது மனிதர் வாழ ஓரளவே தகுதியுடைய கிரகம் என்றும், அங்கே ஒளிச்சேர்க்கை குறைந்த அளவிலேயே நடைபெறுகிறது என்றும் சுருங்கச் சொல்லிச் செல்கிறார். அக்குறைவு எதனால் வந்தது என்று அவர் அங்கே விளக்கவில்லை. ஆனால் கதைக்குள் ஒரு காட்சியை வைக்கிறார்.

ஹார்க்கோனன் குலத்தின் இளவரசனுக்குப் பதினேழாம் பிறந்தநாள். அன்று எங்கும் விடுமுறை. அரங்கத்தில் அடிமை வீரன் ஒருவனோடு இளவரசன் போர் புரிவான். பேரரசரின் தூதராகப் பென்ரிங் பிரபுவும் அவர் மனைவியும் வருகிறார்கள். அவர்கள் செல்லும் இராஜபாட்டையில் கொடிகள் பறக்கின்றன. சுவர்களில் புதுவண்ணம் பூசப்பட்டிருக்கிறது. பாட்டைக்கு அப்பால் பார்வையைச் செலுத்தினால் தெரிவது வேறு. குப்பை மேடுகளும், சொறி பிடித்தாற்போன்ற சுவர்களும், தெருவில் தேங்கிய கறுத்த நீரும், அஞ்சி ஒதுங்கிச் செல்லும் மக்களும் அவர்கள் கண்ணில் படுகின்றன. ஆள்வோர் வண்ணம் பூசியது விருந்தினர் பார்க்கும் சுவருக்கு மட்டுமே.

பின்னர் வந்தவர்கள் இச்சிறு குறிப்புகளை விரித்தெழுதினார்கள். ஹெர்பர்ட்டின் மகன் பிரையன் ஹெர்பர்ட்டும் கெவின் ஆண்டர்சனும் 1999 முதல் எழுதிய முன்கதை நாவல்கள் அதனை ஆலைகளாலும் புகையாலும் சீர்குலைந்த உலகமாகக் காட்டின. 1984-இல் டேவிட் லிஞ்ச் இயக்கிய திரைப்படத்தில் அது எண்ணெய்ப் பிசுக்கேறிய யந்திரங்களின் இருண்ட நாடு. 2024-இல் டெனி வில்னவ் இயக்கிய படத்திலோ அதற்குக் கறுப்புச் சூரியன். அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவு செய்யும் காமிராவைக் கொண்டு நிறமே இல்லாத உலகமாக அதனைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வழியில் காட்டியது ஒன்றைத்தான்: பச்சை நிறம் அற்றுப்போன உலகம்.

ஒளிச்சேர்க்கை குறைந்தது என்னும் இரண்டு சொற்களுக்குள் எத்துணைப் பெரிய இழப்பு அடங்கியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பற்றிக்கொண்டு, வேர் தரும் நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சேர்த்து மாவுப் பொருளாக்குகிறது. பிராணவாயுவை வெளியே விடுகிறது. நாம் உண்ணும் உணவும் உள்ளிழுக்கும் பிராணவாயுவும் இத்தொழிலால் விளைந்தவை. ஆகவே பச்சை குன்றிய நாட்டில் குன்றுவது அழகு மட்டுமன்று. அங்கே சோறு குன்றும். நல்ல காற்று குன்றும். வேர் பிடித்து நிறுத்தாத மண் மழையில் கரைந்தோடும். அத்தகைய நாடு உயிர்வாழ வேண்டுமானால் பிற நாட்டு விளைவைப் பறித்தே வாழ வேண்டும். ஹார்க்கோனன் குலத்தார் அர்ராக்கிஸில் நடத்திய சூறையையும், அவர்கள் சொந்தக் கிரகத்தின் வறட்சியையும் ஒருசேர வைத்து நோக்கினால், இரண்டும் ஒரே மனப்பான்மையின் விளைவு என்பது விளங்கும்.

ஆலைப் புகை பசுமையை அழிப்பது எவ்வாறு? செம்பு, நிக்கல் முதலிய உலோகங்களின் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகத்தோடு கலந்தே கிடைக்கின்றன. தாதுவைச் சுட்டு உருக்கும்போது அக்கந்தகம் எரிந்து கந்தக டையாக்ஸைடு என்னும் மூச்சடைக்கும் வாயுவாகிறது. இலைகளின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பல உண்டு. கரியமில வாயு புகுவதற்கென அமைந்த அவ்வாயில்கள் வழியே இந்நச்சு வாயுவும் புகுந்து, உள்ளேயுள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிப் பச்சையத்தைச் சிதைக்கிறது. இலை வெளுத்து உதிர்கிறது. இது முதல் அடி. காற்றில் எஞ்சிய வாயு மழையோடு அமிலமாக இறங்கி, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியத்தை விடுவித்து வேர்களுக்கு நஞ்சாக்குகிறது. இது இரண்டாவது அடி. முதல் அடியிலிருந்து மரம் அடுத்த ஆண்டு மீளக்கூடும். இரண்டாவது அடிக்குப் பின்னர், புகை நின்ற பிறகும் விதை முளைப்பதில்லை.

இதனைக் கண்ணால் காண வேறு கிரகம் செல்ல வேண்டியதில்லை. கனடா நாட்டில் சட்பரி என்னும் ஊர் இருக்கிறது. 1883-இல் இருப்புப்பாதை போடும்போது அங்கே நிக்கலும் செம்பும் கலந்த தாது கண்டுபிடிக்கப்பட்டது. தொடக்க காலத்தில் காட்டை வெட்டி விறகடுக்கி, அதன்மேல் தாதுவைக் குவித்துத் தீ மூட்டுவார்கள். அக்குவியல் மாதக் கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். புகை தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். மரம் அடுப்புக்குப் போயிற்று. எஞ்சிய செடியைப் புகை கொன்றது. பிடிப்பற்ற மண்ணை மழை கொண்டுபோயிற்று. முடிவில் சுமார் 20,000 ஹெக்டேர் நிலம் கரும்பாறையாக நின்றது. அதனைச் சுற்றி அதைப்போல் நான்கு மடங்கு நிலம் அரைப்பாழாயிற்று.

இத்தகைய இடங்களில் ஆலையார் கண்ட பரிகாரம் புகைபோக்கியை உயர்த்துவது. சட்பரியில் 1972-இல் 381 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கி ஒன்று எழுந்தது. ஊரின் காற்று ஓரளவு தெளிந்தது உண்மைதான். ஆனால் உயரச் சென்ற வாயு மறைந்துவிடவில்லை. தொலைவிலிருந்த ஏரிகளிலும் காடுகளிலும் சென்று இறங்கிற்று. தன் வீட்டுக் குப்பையை மதிலுக்கு மேல் வீசுகிறவன் வீட்டைச் சுத்தம் செய்தவனாக மாட்டான். வெளிவரும் வாயுவின் அளவைக் குறைத்த பிறகே அத்தொலைதூர ஏரிகளுக்கு விடிவு பிறந்தது.

ஹெர்பர்ட் இவற்றையெல்லாம் ஏட்டிலே மட்டும் படித்தவர் அல்லர். அவர் 1920-இல் பிறந்த ஊர் அமெரிக்காவின் வட மேற்குக் கரையிலுள்ள டகோமா. கடலும் காடும் பனிமலையும் சூழ்ந்த அழகிய இடம். அங்கே மரக்கூழ் ஆலைகளும் உலோக உருக்காலையும் இருந்தன. ஊரின் நாற்றம் நாடெங்கும் பெயர்பெற்றது. இளமையில் தாம் கண்ட அந்நகரத்தின் மாசே, பூமியைக் காக்க ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற உறுதியைத் தம் தந்தைக்கு ஊட்டியவற்றுள் ஒன்று என்று மகன் பிரையன் ஹெர்பர்ட் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். 1970-ஆம் ஆண்டில் முதல் பூமி நாள் கொண்டாடப்பட்டபோது ஹெர்பர்ட் பிலடெல்பியா நகரில் கூடிய பெருங்கூட்டத்தில் பேசினார்.

டகோமாவின் உருக்காலையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். 1890-இல் ஈயம் உருக்கத் தொடங்கிய அவ்வாலை, பின்னர் செம்பு உருக்கும் ஆலையாயிற்று. 1917-இல் அங்கே கட்டப்பட்ட புகைபோக்கியின் உயரம் 571 அடி. பிற ஆலைகள் ஏற்கத் தயங்கிய ஒருவகைத் தாதுவை அது ஏற்றது. அத்தாதுவில் செம்போடு ஆர்செனிக்கும் மிகுந்திருந்தது. ஆர்செனிக்கினின்று கிடைக்கும் வெள்ளைப் பாஷாணத்தை நம் முன்னோர் நன்கு அறிவர். மிகச் சிறிய அளவிலேயே உயிரைக் கொல்லும் பொருள் அது. அதனையும் பிரித்தெடுத்து ஆலை விற்றது. பிரித்தெடுத்தது போக எஞ்சியது புகையோடு சென்றது.

கந்தக வாயு காலத்தால் கரைந்து போகும். ஆர்செனிக்கு அவ்வாறன்று. அது ஒரு மூலகம். எரித்தாலும் நனைத்தாலும் எத்தனை ஆண்டு கழிந்தாலும் அது ஆர்செனிக்காகவே இருக்கும். காற்றடித்த திசையெல்லாம் சென்று வீட்டுத் தோட்டங்களிலும் பள்ளி விளையாட்டு மைதானங்களிலும் அது படிந்தது. 1970-களில் ஆலைக்கு அருகே வாழ்ந்த பள்ளிக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தபோது ஆர்செனிக்கு மிகுந்திருக்கக் கண்டனர். ஆயிரம் சதுர மைலுக்கு மேற்பட்ட நிலத்தின் மேல்மண்ணில் ஆர்செனிக்கும் ஈயமும் படிந்துள்ளன என்பது பிற்கால ஆய்வின் முடிவு. ஆலை மூடிப் பல ஆண்டு கழிந்த பின்னரும் அங்கே வீட்டு முற்றத்து மண்ணைத் தோண்டி அகற்றிப் புதுமண் இட வேண்டியிருந்தது. மண்ணில் விளையாடிய குழந்தைகளின் கைகளைத் தவறாமல் கழுவுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது.

இதனைக் கேட்டவுடன், அவ்வாலையை உடனே மூடியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டில் அவ்வாலையில் ஏறத்தாழ 570 பேர் வேலை செய்தனர். ஆர்செனிக்கைக் கட்டுப்படுத்தச் சட்டவிதி வகுக்க வேண்டிய பொறுப்பு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்துக்கு இருந்தது. அதன் தலைவர் வில்லியம் ரக்கல்ஷாஸ். அந்நிறுவனத்தின் முதற் கணக்கின்படி, கட்டுப்பாடு இல்லையானால் ஆண்டுக்கு 4 பேர் வரை கூடுதலாகப் புற்றுநோய்க்கு உள்ளாகக்கூடும்; அந்நாளில் கிடைத்த சிறந்த கருவிகளைப் பொருத்தினால் அவ்வெண்ணிக்கை 1 ஆகக் குறையும். அந்த ஒன்றையும் இல்லாமற் செய்ய வேண்டுமானால் ஆலையை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை எனத் தோன்றிற்று. தொலைவிலிருந்த தலைநகரில் அமர்ந்து இதனை நானே முடிவு செய்தல் தகாது, அம்மக்களையே கேட்க வேண்டும் என்றார் ரக்கல்ஷாஸ்.

அக்கருத்தைப் பலர் கடிந்தனர். வேலையா உயிரா என்று ஏழை மக்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஆட்சியாளர் தம் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும் என்றனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் கூட்டங்கள் நடந்தன. டகோமாவிலும், புகை செல்லும் திசையிலிருந்த வாஷன் தீவிலும் மக்கள் திரண்டனர். தொழிலாளர் பேசினர், தோட்டம் வைத்திருந்தோர் பேசினர், குழந்தைகளின் பெற்றோர் பேசினர். கணக்கு எவ்வாறு போடப்பட்டது, எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்றெல்லாம் வல்லுநரைக் கேட்டனர். அப்போது சிலர் தம் சட்டையில் ஒரு வில்லையைக் குத்திக்கொண்டு வந்திருந்தனர். அதில் 'இரண்டும்' என்று பொருள்படும் ஒரே சொல் பொறித்திருந்தது. வேலையும் வேண்டும், உடல்நலமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்கும் அந்தக் கேள்வியையே நாங்கள் ஏற்கவில்லை என்பது அதன் கருத்து.

அந்த விவாதம் தீர்ப்பாக முடியவில்லை. செம்பின் விலை வீழ்ந்தது; இறுதி விதி வருவதற்கு முன்னரே 1985-இல் செம்பு உருக்கும் தொழில் நின்றது. 570 குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. 1993 ஜனவரியில் புகைபோக்கி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆகையால், மக்களைக் கேட்டதால் எல்லாம் இனிதே முடிந்தது என்று நான் கூற மாட்டேன். ஆனால் கீடி பிரைமுக்கும் டகோமாவுக்கும் உள்ள வேற்றுமை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று கூறுவேன். கீடி பிரைமில் யாரும் யாரையும் எதையும் கேட்பதில்லை. அங்கே உழைப்பவர்கள் அடிமைகள். அடிமைக் குழிகளில் வாடியவர்கள். புகையைச் சுவாசிப்பவனுக்கு வாய் இல்லை. வாயுடையவன் புகையைச் சுவாசிப்பதில்லை. இத்தகைய நாட்டில் கறுத்த நீரைப் பற்றி அரண்மனைக்குச் செய்தி சொல்வோர் யார்? விருந்தினர் வரும் நாளில் சுவருக்கு வண்ணம் பூசுவதோடு ஆட்சியின் கடமை முடிந்துவிடுகிறது. ஒரு கிரகம் முழுவதும் பாழாவதற்கு ஆலைகள் மட்டும் போதா; ஆலைகளைப் பற்றிப் பேச முடியாத மக்களும் வேண்டும்.

பாழான நிலம் மீளுமா என்னும் கேள்வி எஞ்சுகிறது. சட்பரி அதற்கு விடை தருகிறது. 1978-இல் அவ்வூரார் கரும்பாறைகளிடையே எஞ்சிய மண்ணுக்குச் சுண்ணாம்புப் பொடி தூவத் தொடங்கினர். அமிலத்தைச் சுண்ணாம்பு முறிக்கும் என்பது நீங்கள் பள்ளிச் சோதனைச்சாலையில் கண்டதே. அப்பணியில் கோடை விடுமுறையில் கூலிக்கு அமர்த்தப்பட்ட மாணவர்கள் பலர் ஈடுபட்டார்கள். பைகளைச் சுமந்து குன்றேறிக் கையாலேயே சுண்ணாம்பைத் தூவினார்கள், புல் விதைத்தார்கள், பின்னர் மரம் நட்டார்கள். அன்று தொடங்கி அங்கே நடப்பட்ட மரக்கன்றுகள் ஒரு கோடிக்கு மேல். இன்று அக்குன்றுகளில் ஊசியிலைக் காடு நிற்கிறது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சில ஆண்டு இலாபத்துக்காக இழந்த மண்ணை மீட்க நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்தும் அப்பணி முற்றுப்பெறவில்லை.

டகோமாவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. உருகிய தாதுவினின்று எஞ்சிய கசடைப் பல ஆண்டுகளாக ஆலையார் கடலில் கொட்டிவந்தனர்; அது இறுகிக் கடலுக்குள் நீண்ட ஒரு நிலமாகவே ஆகிவிட்டது. அந்நிலத்தை நச்சு வெளிவராதபடி மூடி, மேலே மண்ணிட்டுப் புல் வளர்த்து, 2019-இல் பொதுமக்களுக்குப் பூங்காவாகத் திறந்தனர். பூங்காவுக்கு இட்ட பெயர் 'டியூன் தீபகற்பம்'. அதனூடே செல்லும் நடைபாதைக்கு இட்ட பெயர் பிராங்க் ஹெர்பர்ட். கதாசிரியர் 1986-இலேயே மறைந்துவிட்டார். இதனைக் காண அவர் இல்லை.

அப்புல்லுக்கு அடியில் கசடு இன்னும் இருக்கிறது. மூடிய மண் அரிக்காமல் காப்பதும், நீரைச் சோதித்து வருவதும் இனி வரும் தலைமுறைகளின் பொறுப்பு. மாணவர்களாகிய உங்களில் சிலர் நாளை உலோகம் உருக்கும் பொறியாளராவீர்கள். சிலர் அவ்வாலைகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளாவீர்கள். பலர் அவற்றின் அருகே குடியிருப்பீர்கள். உலோகம் இல்லாமல் நம் வாழ்க்கை நடவாது. ஆகவே ஆலைகளும் இருந்தே தீரும். அவற்றின் புகைபோக்கியிலிருந்து வெளிவருவது என்ன, அது எங்கே சென்று படிகிறது, அங்கே வாழ்வோரை யாரேனும் கேட்டார்களா என்னும் மூன்று வினாக்களை நீங்கள் எந்தப் பதவியிலிருந்தாலும் கேட்கலாம். பென்ரிங் பிரபுவும் அவர் மனைவியும் கீடி பிரைமில் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு விருந்துக்குச் சென்றார்கள். நாம் அவ்வாறு செல்லாதிருத்தல் வேண்டும்.